மண்ணுக்குள் இருக்கும் வில்லங்கம்

மனை வாங்கப் போகிறவர் என்னென்ன பார்ப்பார் என்று நமக்குத் தெரியும். மூலப்பத்திரம் கேட்பார். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று சரிபார்ப்பார். சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். அடமானம் எதுவும் இல்லை, இடையில் வேறு கிரயமும் இல்லை என்றால் அட்வான்ஸ் கைமாறும். அந்தச் சான்றிதழில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. அதே இடத்தில் இருபது வருடம் முலாம் பூசும் பட்டறை ஓடியிருக்கலாம். குரோமியமும் நிக்கலும் கலந்த தண்ணீர் பின்பக்கத்துக் குழியில் இறங்கியபடியே இருந்திருக்கலாம். பட்டறையை மூடி, கொட்டகையைப் பிரித்து, நாலு லாரி செம்மண் அடித்துச் சமன் செய்துவிட்டால் கண்ணுக்கு அது வெறும் காலிமனைதான். பத்திரம் சுத்தம், பட்டா சுத்தம். மண் மட்டும் சுத்தமில்லை.

பழைய பெட்ரோல் பங்க், சாயப்பட்டறை, பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய இடம், தோல் பதனிடும் ஷாப், ரயில்வே பணிமனை, நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த ஆலை என்று, தொழில் நடந்த எல்லா நகரங்களிலும் இப்படிப்பட்ட மனைகள் உண்டு. தொடங்கும்போது ஊருக்கு வெளியேதான் இருந்திருக்கும். நகரம் வளர்ந்து அவற்றை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடும். சுற்றிலும் சதுர அடி ஆயிரக்கணக்கில் விலை போகும்போது இது மட்டும் கருவேலம் முளைத்துப் பூட்டிக் கிடக்கும். ஏன் யாரும் அதைத் தொடுவதில்லை? தொட வைக்க அரசு எப்படிப் பணம் போடுகிறது? அந்தப் பணம் எதற்கெல்லாம் போகிறது? இந்த ஏற்பாட்டை நிறைய யோசித்து, நிறையத் தப்பும் செய்து கற்றுக்கொண்ட நாடு அமெரிக்கா என்பதால் கதை பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். கடைசியில் ராணிப்பேட்டைக்கு வருவோம்.

சந்தேகமே போதும்

அமெரிக்கர்கள் இப்படிப்பட்ட நிலத்தை பிரவுன்ஃபீல்டு என்கிறார்கள், பழுப்பு நிலம். பரந்தூர் செய்திகளில் ‘கிரீன்ஃபீல்டு விமான நிலையம்’ என்று கேட்டிருப்போம். கட்டடம் எழாத வயல்வெளியில் புதிதாகக் கட்டுவது அது. அதற்கு எதிர்ப்பக்கம் இது, ஏற்கெனவே தொழில் நடந்து ஓய்ந்த நிலம். ஆனால் அமெரிக்கச் சட்டம் இதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மண்ணில் நஞ்சு இருந்தால்தான் பிரவுன்ஃபீல்டு என்றில்லை. இருக்கக்கூடும் என்பதால் அந்த நிலத்தை மறுபடி பயன்படுத்துவது சிக்கலானாலே போதும், அது பிரவுன்ஃபீல்டு. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டில் இப்படிப்பட்ட இடங்கள் நாலரை லட்சத்துக்கும் மேல்.

சந்தேகத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை? கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் சும்மா எடுத்துக்கொண்டவை. மண் சுத்தமாக இருந்தால் மனையின் விலை 6 கோடி. சுத்தம் செய்ய 2 கோடி ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் சிக்கலே இல்லை. வாங்குபவர் 4 கோடிக்குக் கேட்பார், விற்பவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். சுத்தம் செய்ய 8 கோடி ஆகும் என்றால் அந்த மனையின் மதிப்பு பூஜ்ஜியத்துக்கும் கீழே 2 கோடி. சும்மா கொடுத்தாலும் ஆள் வராது. இதைவிட மோசமான நிலைமை ஒன்று உண்டு. ஆகப்போவது 50 லட்சமா, 15 கோடியா என்றே தெரியாமல் இருப்பது. வாங்குபவர் 15 கோடி என்று நினைத்துக்கொண்டு விலகிவிடுவார். சொந்தக்காரரோ தோண்டிப் பார்க்கவே மாட்டார். பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் பொறுப்பு வந்துவிடும். அதற்குப் பூட்டுப் போட்டு வைப்பதே மேல் என்று விட்டுவிடுவார்.

ஆக, பொதுப்பணம் அடைக்க வேண்டிய ஓட்டை இரண்டு. கீழே போய்விட்ட மதிப்பைப் பூஜ்ஜியம் வரைக்கும் தூக்கிவிடுவது ஒன்று. மண்ணுக்குள் என்னதான் இருக்கிறது என்ற தெரியாமையைப் போக்குவது இன்னொன்று. பேச்செல்லாம் முதலாவதைப் பற்றித்தான் நடக்கும், தொகை பெரிது, படம் எடுக்க புல்டோசரும் கிடைக்கும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் கொடுத்த காசுக்கு அதிகம் வேலை செய்வதாகப் படுகிறது.

ஒரு டாலருக்கு விற்ற நிலம்

‘கெடுத்தவன் கட்டட்டும், என் வரிப்பணம் எதற்கு?’ என்று கேட்பது நியாயம். அமெரிக்காவும் அங்கிருந்துதான் தொடங்கியது.

நயாகரா அருவி இருக்கும் அதே ஊர். 1890களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே ஒரு கால்வாய் வெட்டி, நீர்மின்சாரம் எடுத்து, பக்கத்தில் மாதிரி நகரம் ஒன்றை எழுப்பப் பார்த்தார். திட்டம் பாதியில் படுத்தது. பள்ளமும், லவ் கால்வாய் என்ற பேரும் மிஞ்சின. ஹூக்கர் கெமிக்கல் என்ற நிறுவனம் 1942 முதல் 1953 வரை அந்தப் பள்ளத்தில் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைக் கொட்டி, களிமண்ணால் மூடியது. பிறகு 1953இல் உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே ரசாயனக் கழிவு கிடக்கிறது, பின்னால் எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்ற வாசகம் பத்திரத்திலேயே இருந்தது. நம் ஊர் வில்லங்கச் சான்றிதழை விட அந்தப் பத்திரம் நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். அதை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் கட்டினார்கள். சுற்றிலும் வீடுகள் வந்தன. வீடு வாங்கியவர்கள் பலருக்குக் காலடியில் என்ன இருக்கிறது என்பதே தெரியாது.

1970களில் பெய்த கனமழையும் பனியும் நிலத்தடி நீரை ஏற்றிவிட, புதைத்தது மேலே வரத் தொடங்கியது. வீட்டு நிலவறைச் சுவர்களில் கறுப்பாக ஊறியது. கொல்லையில் பீப்பாய்கள் தலைகாட்டின. அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனின் அம்மா, லோயிஸ் கிப்ஸ், வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினார். 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் நெருக்கடி நிலை அறிவித்தார். முதலில் பள்ளத்தை ஒட்டிய வீடுகள், அடுத்த இரண்டு வருடத்தில் அதைச் சுற்றியிருந்தவை என்று 800க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின.

அதன் விளைவாக 1980 டிசம்பர் 11 அன்று ஒரு சட்டம் வந்தது. ஊர் வைத்த பெயர் சூப்பர்ஃபண்ட். பெட்ரோலியத் தொழில் மீதும் ரசாயனத் தொழில் மீதும் வரி போட்டு, முதல் ஐந்து வருடத்துக்கு 160 கோடி டாலர் நிதி சேர்த்தார்கள். கெடுத்தவர் ஓடிப்போன, திவாலான இடங்களை அந்தப் பணத்தில் சுத்தம் செய்வது, கெடுத்தவர் இருந்தால் செலவை அவரிடம் வசூலிப்பது என்பது ஏற்பாடு. வசூல் விதிகள் கடுமையானவை. கொட்டிய காலத்தில் அது சட்டப்படி குற்றமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. கவனமாகத்தான் இருந்தேன் என்றும் சொல்ல முடியாது. பத்துப் பேர் கொட்டியிருந்தால் கையில் கிடைத்த ஒருவரிடமே முழுத்தொகையையும் கேட்கலாம். கொட்டாதவராக இருந்தாலும், இன்றைய சொந்தக்காரர் என்பதற்காகவும் பிடிக்கலாம். லவ் கால்வாய் விவகாரத்தில் இது பலித்தது. ஹூக்கரை 1968இல் வாங்கியிருந்த ஆக்சிடென்டல் பெட்ரோலியம் 1995இல் மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது. அந்த இடம் சூப்பர்ஃபண்டின் அபாயப் பட்டியலிலிருந்து நீங்கியது 2004இல்.

கடுமைக்கு ஒரு பக்கவிளைவும் இருந்தது. இன்றைய சொந்தக்காரரையும் பிடிப்பார்கள் என்றால் பழைய ஆலை நிலத்தை எந்தப் புத்திசாலி வாங்குவார்? 1990இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன் கொடுத்த நிறுவனத்தைக்கூடச் சில சமயம் பொறுப்பாக்கலாம் என்று தீர்ப்பளித்ததும் வங்கிகள் மிரண்டன. கிளீவ்லாந்து, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் மாதிரி ஊர்களில், சாக்கடை, ரோடு, மின்சாரம், பஸ் எல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும் நிலத்தை விட்டுவிட்டு, புதுத் தொழிற்சாலைகள் புறநகர் வயல்களுக்குப் போயின. கெடுத்தவரைத் தண்டிக்க எழுதிய சட்டத்தைக் கண்டு, எதையும் கெடுக்காதவர்கள் ஓடினார்கள். நகரின் நடுவே வேலை தேடிக்கொண்டிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் பாழ்மனைகள் அப்படியே நின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழில் வரி 1995 முடிவில் காலாவதியானது. நீட்டிக்க நாடாளுமன்றத்தில் மனம் வரவில்லை. அதன்பின் பல வருடங்கள், கேட்பாரற்ற இடங்களுக்கான செலவைப் பொது வரிப்பணமே பெரும்பாலும் சுமந்தது. ரசாயன வரி 2021ஆம் வருடச் சட்டத்திலும், பெட்ரோலிய வரி 2022ஆம் வருடச் சட்டத்திலும்தான் திரும்பி வந்தன. கெடுத்தவர் கட்டுவார் என்பது கொள்கையாக எழுதப்பட்டால் போதாது, அதற்கு வரிக்கணக்கில் ஒரு வரியும் வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

பணம் போகும் வழிகள்

சூப்பர்ஃபண்ட் என்பது நாட்டிலேயே மிக மோசமான, 1,300 சொச்சம் இடங்களுக்கு. மீதி லட்சக்கணக்கான இடங்கள் அவ்வளவு பயங்கரமில்லை. மூலைக்கடைப் பெட்ரோல் பங்க், டிரை கிளீனிங் கடை, பழைய வார்ப்படச் சாலை. அவற்றுக்காகத் தனி ஏற்பாடு 1993இல் ஆரம்பித்தது. கிளீவ்லாந்து இருக்கும் கயஹோகா மாவட்டத்துக்கு மத்தியச் சுற்றுச்சூழல் முகமை முன்னோட்டமாக 2 லட்சம் டாலர் கொடுத்தது. பிறகு 2002 ஜனவரியில் பிரவுன்ஃபீல்டுக்கென்றே சட்டம் வந்தது. வாங்குமுன் முறைப்படி விசாரித்து, தான் எதையும் கெடுக்காமல், கிடைத்த அழுக்கைப் பரவவிடாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்தச் சட்டம் பாதுகாப்பு கொடுத்தது. இதற்கு அரசுக்குப் பெரிதாகச் செலவில்லை, பயத்தைக் குறைத்தது அவ்வளவுதான். பணமும் வந்தது. 2021ஆம் வருடக் கட்டமைப்புச் சட்டம் இந்தத் திட்டத்துக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது.

முதல் பணம் விசாரணைக்கு. மாநகராட்சியோ மாவட்டமோ பழங்குடி மன்றமோ மானியம் வாங்கி, தன் எல்லைக்குள் இருக்கும் சந்தேக மனைகளை ஆராயலாம். விசாரணை இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மண்வெட்டியே எடுப்பதில்லை. பழைய உரிமங்கள், நகரக் கையேடுகள், விமானப் படங்கள் எல்லாவற்றையும் புரட்டுவார்கள். இதில் எனக்குப் பிடித்தது சான்பார்ன் வரைபடங்கள். தீக்காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக 19ஆம் நூற்றாண்டிலிருந்து வீதி வீதியாக வரைந்தவை. எந்தக் கட்டடம் செங்கல், எது மரம், எண்ணெய்த் தொட்டி எங்கே, கொல்லன் உலை எங்கே என்று அவற்றில் குறித்திருக்கும். தீ எங்கே பிடிக்கும் என்று கவலைப்பட்டவர்கள் போட்ட படம், நூறு வருடம் கழித்து நஞ்சு எங்கே இருக்கும் என்று காட்டுகிறது. அடுத்து மனையை நேரில் சுற்றிப் பார்ப்பார்கள், பழைய தொழிலாளிகளையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரிப்பார்கள். சந்தேகம் உறுதியானால் இரண்டாம் கட்டம். குறித்த இடங்களில் துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

பல மனைகளில் பெரிதாக ஒன்றும் இல்லை, அல்லது சமாளிக்கக்கூடிய அளவுதான் என்று தெரியவரும். அந்தக் கணமே மேலே போட்ட கணக்கில் ‘50 லட்சமா, 15 கோடியா’ என்ற கேள்வி செத்துவிடும். சுத்தம் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கை வைத்து மனையைச் சந்தைக்குத் திருப்பிவிடலாம். தனியார் ஏன் இதைச் செய்வதில்லை என்றால், மோசமான விடை வந்தால் செலவழித்த பணம் போச்சு, நல்ல விடை வந்தாலோ அடுத்த வீட்டுக்காரருக்கும் சேர்த்து லாபம். இப்படிப்பட்ட செலவைப் பொதுக் கஜானாதான் ஏற்க முடியும்.

இரண்டாவது, சுத்தம் செய்ய நேரடி மானியம். உள்ளூர் அமைப்புகளும் லாபநோக்கமில்லாத அமைப்புகளும் தங்கள் கையில் இருக்கும் மனைக்கு வாங்கலாம். கெடுத்தவர் கையை நீட்ட முடியாது. பூங்கா, நூலகம், குறைந்த வருமானக்காரர் வீடு என்று லாபம் தராத பயன்பாட்டுக்கு இது பொருத்தம். மூன்றாவது சுழல்நிதி. மத்திய முகமை ஒரு நகரத்துக்கு விதைப்பணம் தரும். நகரம் அதைக் குறைந்த வட்டிக்குக் கட்டுமானக்காரர்களுக்குக் கடன் கொடுக்கும். அவர்கள் மண்ணைச் சுத்தம் செய்து, கட்டி, விற்று, கடனை அடைப்பார்கள். திரும்பி வந்த பணம் அடுத்த மனைக்குப் போகும். நம் மகளிர் குழுக்களின் உள்கடன் நடப்பது போலத்தான், தொகை மட்டும் பெரிது. இதெல்லாம் போக, அக்கம்பக்கத்து ஆட்களுக்கே மாதிரி எடுக்கவும் அபாயக் கழிவைக் கையாளவும் பயிற்சி கொடுக்கத் தனி மானியம் உண்டு. நச்சுப்புகையைச் சுவாசித்துக் கிடந்த தெருவுக்கு அந்த வேலையாவது கிடைக்கட்டும் என்ற நியாயம்.

நான்காவது கொஞ்சம் தந்திரமானது. கையில் இல்லாத பணத்தை வைத்துச் செலவு செய்வது. பாழ்மனை வட்டாரத்திலிருந்து நகரத்துக்கு இன்று வருடம் 1 கோடி சொத்துவரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்து கட்டடம் எழுந்தால் 5 கோடி வரும். கூடுதலாக வரப்போகும் 4 கோடியைக் காட்டி நகரம் இன்றே கடன்பத்திரம் வெளியிடும். அந்தப் பணத்தில் மண்ணைச் சுத்தம் செய்து, ரோடும் பாலமும் போடும். பிறகு இருபது, இருபத்தைந்து வருடத்துக்குக் கூடுதல் வரி முழுவதும் கடனை அடைக்கப் போகும். அட்லாண்டா நகரில் 1901இல் தொடங்கி 1998இல் மூடிய எஃகு ஆலையின் 138 ஏக்கர் இந்த வழியில்தான் அட்லாண்டிக் ஸ்டேஷன் என்ற குடியிருப்பும் கடைவீதியுமாக மாறி 2005இல் திறந்தது. ஆபத்தும் சொல்ல வேண்டும். எதிர்பார்த்த கட்டடம் எழாவிட்டால் கூடுதல் வரியும் வராது. எழுந்தாலும், அந்த வருடங்களில் பள்ளிக்கூடத்துக்கும் குப்பை அள்ளவும் போயிருக்கக்கூடிய வரி கடன்காரருக்குப் போகிறது. அந்த ஆலை நிலம் எப்படியும் விலை போயிருக்குமா, இந்த உதவியால்தான் போனதா என்பதைப் பின்னால் யாராலும் நிரூபிக்க முடியாது. இந்த முறையின் நிரந்தரச் சண்டை அதுதான்.

ஜெர்மனியில் வேறு வழி பார்த்தார்கள். நிலக்கரியும் இரும்பும் ஓய்ந்த ரூர் பகுதியில், 1980 வாக்கில் மாநில அரசே ஒரு நில நிதியை ஆரம்பித்து, பாழ் ஆலை நிலங்களை வாங்கிச் சுத்தம் செய்து விற்றது. விற்காததைப் பூங்காவாக்கியது. 1985இல் நின்றுபோன டூயிஸ்பர்க் இரும்பாலையில் இன்று பழைய தாதுக் கிடங்குகளின் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது, பழைய எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். மிக மோசமான மண்ணை லாரியேற்றி இன்னொரு ஊருக்கு அனுப்பாமல் அங்கேயே பழைய தாதுக் கிடங்குகளில் அடைத்து மூடிவிட்டார்கள்.

எவ்வளவு சுத்தம்?

சுத்தம் என்றால் மண் முழுவதையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மண் போடுவது என்று நினைத்தால் எந்தக் கஜானாவும் தாங்காது. பொறியாளர்கள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். நஞ்சு எங்கே இருக்கிறது? எந்த வழியாக வெளியே வரும்? வந்தால் யாரைத் தொடும்? மூன்றில் ஒரு கண்ணியை அறுத்தால் போதும். குழந்தைகள் மண்ணில் விளையாடும் வீட்டுமனைக்கு ஒரு அளவுகோல், காங்கிரீட் போட்ட கிடங்குக்கு இன்னொரு அளவுகோல். அதனால்தான் ‘அந்த இடத்தில் என்ன வரப்போகிறது’ என்று முடிவாகும்வரை ‘எவ்வளவு செலவாகும்’ என்பதற்கு விடையே கிடையாது.

சியாட்டிலில் நிலக்கரி எரிவாயு ஆலை 1906 முதல் 1956 வரை ஓடிய இடத்தை நகரம் வாங்கி, 1975இல் பூங்காவாகத் திறந்தது. ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர் துருப்பிடித்த கோபுரங்களை அப்படியே விட்டு, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை மண்ணிலேயே வேலை செய்ய விட்டார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சல். ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. மண்ணையும் பக்கத்து ஏரியின் அடிச்சேற்றையும் சுத்தம் செய்யும் வேலைகள் பல பத்தாண்டுகள் நீண்டன. லண்டனில் 2012 ஒலிம்பிக் பூங்காவுக்கு எடுத்த ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் கதை வேறு. நூறு வருடத் தொழிலின் எண்ணெயும் தாரும் ஆர்சனிக்கும் ஈயமும் ஊறிய மண். அதைக் கழுவ அங்கேயே எந்திரங்கள் வைத்து, அதற்கு ‘மண் மருத்துவமனை’ என்று பெயரிட்டார்கள். மணலும் சரளையும் கழுவப்பட்டு வெளியே வரும், நஞ்சு ஒட்டிய நுண்சேறு தனியே பிரியும். தோண்டியதில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் மறுபடி அங்கேயே பயன்பட்டது. தேதி குறித்த திருவிழாவும் அரசுப் பணமும் இருந்ததால் அவ்வளவு வேகம்.

கீழே கொஞ்சம் நஞ்சை விட்டுவைத்து மேலே மூடினால் அதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். இங்கே கிணறு தோண்டாதே, காய்கறி போடாதே, இந்தக் காங்கிரீட்டை உடைக்காதே என்று. லவ் கால்வாயில் எழுத்து இருந்தது, அதைத் தலைமுறை தாண்டிப் படிக்க ஆள் இல்லை. சுத்தம் செய்த செலவுக்கு மேல், எழுதி வைத்ததைப் பல பத்தாண்டு கண்காணிக்கவும் பணம் வேண்டும் என்பதைத்தான் பல திட்டங்கள் மறந்துவிடுகின்றன.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் சண்டை உண்டு. ஐரோப்பியர் நிலத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நல்ல இடம், சுத்தம் செய்தும் லாபம் வரும், தனியாரே பார்த்துக்கொள்வார்கள். எந்தக் காலத்திலும் லாபம் வராத இடம், அதை அரசே சுத்தம் செய்து காடாகவோ பூங்காவாகவோ விட வேண்டும். நடுவில் நிற்கிற, ஒரு தள்ளு தள்ளினால் நகரக்கூடிய இடத்துக்குத்தான் மானியம் பொருந்தும். நடைமுறையில் அரசியல்வாதிக்குப் பிடித்தது முதல் ரகம். ஆற்றங்கரை மனை, நல்ல படம், சீக்கிரம் ரிப்பன் வெட்டலாம். அமெரிக்க ஆய்வொன்றில், சுத்தம் செய்த இடத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் விலை 5 முதல் 15 சதவீதம் வரை ஏறியது தெரிந்தது. சொந்த வீட்டுக்காரருக்கு இது சந்தோஷம். வாடகைக்கு இருப்பவருக்கு அடுத்த வருடம் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அழுக்கை இருபது வருடம் சுவாசித்தவர், சுத்தமானதும் வெளியேற வேண்டியிருக்கும்.

ராணிப்பேட்டையின் குரோமிய மேடு

கெடுத்தவர் கட்டட்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதாக ஒரு கணக்கெடுப்பைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. ஒவ்வொரு ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது.

அதே வட்டாரத்தில்தான் ராணிப்பேட்டை சிப்காட்டும் இருக்கிறது. தோல் பதனிடக் குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களின் நடுவில் மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே மேடாகக் கிடந்தது. அதில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், தண்ணீரில் கரையும், புற்றுநோய் தரும். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் கசியும். கெடுத்தவர் கட்டட்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. கட்ட வேண்டிய ஆலையே இல்லாதபோது தீர்ப்பை யாரிடம் நீட்டுவது? ஆய்வு, திட்ட அறிக்கை, டெண்டர் என்று வருடங்கள் ஓடின. மேடு அசையவில்லை.

போபாலிலும் அதே கதைதான், இன்னும் பெரிய அளவில். 1984 விபத்துக்குப் பிறகு யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் அதே மாநிலத்தின் பீத்தாம்பூருக்குப் போய், பிறகு எரிக்கப்பட்டது. செலவுக்கு மத்திய அரசு 126 கோடி ஒதுக்கியது. அது மூட்டை கட்டி வைத்திருந்த கழிவு மட்டும், மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீரிலும் இறங்கியது தனி.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே முதல்முறையாக விதிகள் கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேக இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும், அதன்பின் இன்னொரு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. கெடுத்தவரைக் கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். ஆள் இல்லை, அல்லது கட்ட வக்கில்லை என்றால் மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும். அப்போது நாடு முழுக்க அடையாளம் கண்டிருந்த இடங்கள் 103, வேலை ஆரம்பித்திருந்தவை 7. ஆய்வுக்கு நாள் குறித்த விதி, சுத்தம் செய்து முடிக்க நாள் குறிக்கவில்லை.

ஊராட்சி, நகராட்சிக் குப்பைமேடுகள் இந்த விதிக்குள் வராது. அவற்றுக்கு தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில் தனியாகப் பணம் உண்டு. பெருங்குடியில் சென்னை மாநகராட்சி சுமார் 350 கோடியில் பழைய குப்பையைச் சலித்தெடுத்தது அந்த வகை வேலை. அங்கே ஒரு வசதி, நிலமும் குப்பையும் மாநகராட்சியுடையவை, யார் பொறுப்பு என்ற விசாரணையே தேவையில்லை. கிடைக்கும் நிலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு எவ்வளவு திரும்பும் என்பதுதான் அங்கே கேள்வி.

முலாம் பட்டறைகள், சாயப்பட்டறைகள், பேட்டரி உருக்கிய கொட்டகைகள் பெரும்பாலும் அந்த 103க்குள் வந்திருக்காது. அவை சின்னவை, பேரில்லாதவை. அமெரிக்கா 2 லட்சம் டாலரில் கயஹோகாவில் ஆரம்பித்தது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான். இங்கே ஒரு மாநகராட்சி தன் பழைய தொழில் உரிமப் பதிவேட்டையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்புகளையும் சர்வே எண்ணோடு சேர்த்து வைத்தாலே முதல் கட்ட விசாரணை பாதி முடிந்துவிடும். அதுவரைக்கும், பழைய தொழிற்பேட்டைப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர் வில்லங்கம் போட்ட கையோடு எதிர் டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, ‘அண்ணே, இந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?’ என்று கேட்கலாம். பக்கத்து போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குரோமியமும் ஈயமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்தில் கொடுக்கலாம்.